குறட்டை: இல்லை

இன்று காலை கைக்கு வந்த படிவத்தில் 'குறட்டை' என்பதற்கு எதிரே 'இல்லை' என்று டிக் அடித்திருந்தது. ஆளைப் பார்த்தேன். கட்டைக் கழுத்து, உள்ளடங்கிய தாடை. உன் நினைவு வந்து தொலைத்தது.

பத்தொன்பது வருடம் இதே ஆபரேஷன் தியேட்டரில் நீ டெக்னீஷியன், நான் மயக்க மருந்து டாக்டர். மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைத்துக்கொள்ளும் ஆட்களை என்னை முந்திக்கொண்டு நீ கண்டுபிடித்துவிடுவாய். நோயாளியிடம் கேட்கவே மாட்டாய். வெளியே பெஞ்சில் இருக்கும் மனைவியிடம் போய், "கொரகெ ஹொடீதாராம்மா?" என்று கன்னடத்தில் கேட்பாய், நம்மவர்கள் என்றால் "குறட்டை விடுவாராம்மா?" என்று தமிழில். ஏன் என்று கேட்டால், "தூங்குறவனுக்கு என்ன தெரியும் டாக்டரே? பக்கத்துல முழிச்சிருக்கிறவங்களைக் கேக்கணும்" என்பாய்.

அப்படிப்பட்ட நீ, உன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தபோது படிவத்தில் அதே இடத்தில் 'இல்லை' என்று போட்டாய். டியூட்டி ரூமில் நீ விடுகிற குறட்டைக்கு ஜன்னல் அதிரும். சிரித்தேன்.

"ஆமான்னு போட்டா இன்னும் நாலு டெஸ்ட்டுன்னு தள்ளிப் போடுவீங்க. லீவு திரும்பக் கிடைக்காது. கையெழுத்துப் போடுங்க டாக்டரே."

டீயைக் கீழே வைக்காமலேயே போட்டேன். நம்ம ஆள்தானே! வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தொண்டைக் குழாயை எடுத்து உன்னை மயக்கம் தெளிய பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடினேன். போகிற போக்கில் எட்டிப் பார்த்தபோது குறட்டை கேட்டது. "நல்லா தூங்குறாரு சார்" என்றார் நர்ஸ். நானும் தலையாட்டினேன். அது தொண்டை அடைபடுகிற சத்தம் என்று எனக்குத் தெரியாதா? உன் குறட்டை என்பதால் காதில் ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டபோது சத்தம் நின்றிருந்தது. தாடையைத் தூக்கினேன், மாஸ்க்கை அழுத்தினேன், மறுபடி குழாய் போட்டேன். காற்று உள்ளே போனது. நீ திரும்பவில்லை.

விசாரணையில் 'நோயாளி உண்மையை மறைத்தார்' என்று எழுதினார்கள். படித்துவிட்டு அதிலும் கையெழுத்துப் போட்டேன். ஏன் பொய் எழுதினாய் என்று உன் மேல் இன்னும் கோபம்தான். என் மேல் இருப்பதைச் சொல்லி மாளாது.

பதினாறாம் நாள் ஜோகுபாளையத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி அழவில்லை.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும் சார். தினம் நான்தான் உலுக்கி எழுப்புவேன். அன்னிக்குக் காலையிலேர்ந்து அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். நீங்க ரெண்டு வாட்டி என்னைத் தாண்டிப் போனீங்க."

இப்போது அந்த பெஞ்சைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. இன்றைய படிவத்தோடும் போய் நின்றேன். அங்கே உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கொரகெ ஹொடீதாராம்மா?" என்றேன். உன் கேள்வி. உனக்காக மட்டும் யாரும் கேட்காத கேள்வி.