ஜேர்மன் வகுப்பில் நீ மறைத்தது

என் கலா,

உன்னோடு கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை ஆகிறது. செத்துப்போனவளோடு என்ன கோபம் என்று உன் மனுஷன் சிவம் கேட்டார். இருபது வருஷச் சிநேகிதத்தில் நாளுக்கு ஒரு தடவையாவது கதைத்தவள், இப்போது மனதுக்குள்கூட உன்னோடு கதைப்பதில்லை, அதுதான் கோபம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் கதைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் புதினங்கள். கிரவீனில் உன் வீட்டு வாசல் கறிவேப்பிலையைச் சிவம் ஒட்ட வெட்டிவிட்டார். துளிர்க்குமாம், பார்ப்போம். பரமட்டாவில் நம் சனிக்கிழமை ஜேர்மன் வகுப்பு இன்னும் நடக்கிறது. டீச்சர் இரண்டு தரம் போன் எடுத்தார். நான் திருப்பி எடுக்கவில்லை.

அந்த வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீ. ஜேர்மனியில் இருக்கும் உன் மகள் தர்சினி பிள்ளைத்தாச்சி என்ற செய்தி தை மாதம் வந்தது. மருமகனுக்குத் தாய் இல்லை. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய்தானே போகவேண்டும். ஆஸ்பத்திரியில் நேர்ஸ்மாரோடு கதைக்க நாலு சொல்லாவது வேண்டும் என்றாய். சரி, நீ படி, பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிற எனக்கு எதற்கு ஜேர்மன் என்று கேட்டேன். "தனியப் போக வெக்கமாக் கிடக்குதடி, வா" என்றாய். ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு என்ன வெட்கம் என்று நான் கேட்டிருக்கவேண்டும். நம்பினேன்.

என்ன மொழியடி அது. மேசை ஆணாம், விளக்கு பெண்ணாம், சின்னப் பெண்பிள்ளை இரண்டும் இல்லையாம். எதற்கும் நியாயம் கேட்கக்கூடாது, மனப்பாடம் செய்யவேண்டும் என்றார் டீச்சர். எனக்கு ஒழுங்காகப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான். 'டான்ட'. மாமி, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல். பெண்ணைக் குறிக்கிறது, பெண்பாலுக்குரிய 'டி' முன்னால் வருகிறது. 'டி டான்ட'. அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அது ஜேர்மன் சொல்லே இல்லை, பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது என்றார் டீச்சர். முன்னொரு காலத்தில் அப்பாவின் சகோதரிக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரிக்கு வேறு சொல் அவர்களிடமும் இருந்ததாம். நாகரிகம் பார்த்தவர்கள் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்க, இந்த ஒன்று வந்து இரண்டையும் விழுங்கிவிட்டது. நீ என் காதுக்குள், "எங்கட இங்கிலீஷ் அன்ரியும் உந்த வேலையைத்தானே செய்தது" என்றாய். 

பிறகு குடும்ப மரம் கீறச் சொன்னார்கள். நான் ஒன்பது டான்டமாரை எழுதினேன். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எத்தனை சகோதரிகள் என்று டீச்சர் கேட்டார். ஒருவர் என்றேன். மற்ற எட்டுப் பேர் யார்? பக்கத்து வீட்டு அன்ரி, கோயில் அன்ரி, அம்மாவோடு படிப்பித்த அன்ரி என்று நான் விளக்க விளக்க நீ சிரித்துச் சிரித்துக் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாய். சிரிப்பில் பிடித்துக்கொண்டாய் என்றுதானே நினைத்தேன். அது உன் நோயின் எத்தனையாவது மாதம், கலா?

எனக்குப் பிடிபட்ட அந்த ஒரு சொல்லும் அடுத்த கிழமையே காலை வாரியது. 'டான்டயோடு' என்று சொல்லவேண்டுமென்றால் 'டி' போய் 'டெர்' வருமாம். 'டெர்' ஆணுக்குரியது என்றல்லவா படித்தோம் என்று நான் டீச்சரோடு சண்டைக்கே போனேன். நீதான் உன் குசினியில் கதிரையைப் போட்டு என்னை இருத்தி, இடியப்பம் பிழிந்தபடி பாடமாக்க வைத்தாய். "டி முட்டர் கொம்ட் மிட் டெர் டான்ட." தாய் டான்டயோடு வருகிறாள். பத்துத் தரம், இருபது தரம்.

பங்குனி கழிய உன் வசனம் மாறியது. "டி டான்ட கொம்ட் அலைன்." டான்ட தனியாக வருகிறாள். அதைச் சொல், திரும்பச் சொல், இன்னும் வடிவாகச் சொல் என்றாய். தாய் எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. உதாரணத்துக்குத்தானே என்று கிளிப்பிள்ளையாகச் சொன்னேன். நீ இடியப்பத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

காஸ்ட்ரிக் என்றாய். ரசம் வைத்துக்கொண்டு ஓடிவந்தேன். மெலிந்துவிட்டாயே என்றேன், பேரப்பிள்ளை வருகிறது, கொஞ்சம் வடிவாகப் போகவேண்டாமா என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்த்த அன்றுதான் வயிற்றில் புற்றுநோய் என்ற உண்மை எனக்குத் தெரியும். பதினேழு நாள் மிச்சம் இருந்தது. சிவத்துக்குத் தை மாதமே தெரியும். தர்சினிக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் நோய் வருத்தத்தை மறைப்பது புதிதல்ல, நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள் என்று பயம். ஆனால் அந்த நாலு பேரில் நானும் ஒருத்தியா?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பின்னேரம் தர்சினி போன் எடுத்தாள். வயிற்றுப்பிள்ளையோடு இவ்வளவு தூரம் பறக்க டொக்டர் விடாததால் உன் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்காத பிள்ளை.

"அன்ரி, எப்ப வாறீங்கள்? தனக்கு ஏலாமப் போனா நீங்கள் வந்து பேறு பாக்க ஓம் எண்டிட்டீங்கள் எண்டு அம்மா மாசியிலயே சொன்னவா."

மாசியிலேயே. நான் முதல் பாடத்தில் என் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டிருந்த மாதம்.

எப்போதடி என்னிடம் கேட்டாய்? யார் ஓம் சொன்னது? இல்லை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லியிருந்தால், தாயின் கடைசி வாக்குப் பொய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

"ஓம் பிள்ளை. சொன்னனான்தானே" என்றேன்.

போனை வைத்ததும் சிவம் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுத்துத் தந்தார். பிள்ளைப்பெற்றவளுக்குப் பத்தியக்கறி வைக்கிற சரக்கு. நீயே வறுத்து இடித்து வைத்திருக்கிறாய். மேலே உன் கையெழுத்தில் என் பெயர். என்னைக் கேட்காமல் எல்லாம் ஆயத்தம்.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கூடக் கோபம். முந்தி ஒரு குழந்தை பிறந்த துடக்குக் கழிவில் என் மடியிலிருந்த குழந்தையை ஒருத்தி மெல்ல எடுத்துக்கொண்டு போனாளே, பிள்ளை இல்லாதவள் முதலில் தூக்கக்கூடாது என்று. நான் எழும்பி வந்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளைப்பேறு என்றால் இவள் பயந்து மாட்டேன் என்பாள் என்று முடிவு கட்டிவிட்டாய், இல்லையா?

நீ கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒரு நாள் சண்டை பிடித்திருப்பேன். பிறகு உன் கையைப் பிடித்து ஓம் என்றிருப்பேன். என் வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நீ ஒருத்தியாவது கேட்டிருக்கலாம். என் பதிலை எனக்குத் தெரியாமலே நீ சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், தர்சினிக்கு ஒருநாளும் இது தெரியவராது. நீ கேட்டாய், நான் ஓம் என்றேன் என்றே அவள் நம்பட்டும். பத்தியக்கறி வைப்பேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், உன்னைப் பற்றி நல்லதாகவே சொல்வேன். அங்கே யாராவது நான் யார் என்று கேட்டால், நீ குசினியில் பாடமாக்க வைத்த பதிலும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் உன்னை நான் மன்னிக்கவில்லை, கலா.

டிக்கெட் போட்டுவிட்டேன்.

உன்னிடம் ஏமாந்த தங்கச்சி,
பவானி
நார்த்மீட், ஆடி 2013