ஒரே தீவுக்கு இரண்டு கப்பல்

ஸ்ப்ளிட்,
செவ்வாய்க்கிழமை மாலை

அன்பு மகள் தின்காவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைக்காவிட்டால் பாதியில் நழுவிவிடுவேன் என்று என்மேல் எனக்கே சந்தேகம், அதனால் முதலில் வரிசை:

1. என் முழங்கால், வீட்டு நிலவரம்.
2. ஈஸ்டர் முடிந்ததும் விஸ் தீவில் நான்கு நாள் ஓய்வாக இருந்துவரப் போட்ட திட்டம், அது யாருடன் என்பது.
3. அந்தத் திட்டத்தில் உன் பெயரை இழுத்து நான் செய்த கேவலம்.
4. அதைச் சரிசெய்ய உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

முழங்கால் பரவாயில்லை, படியேறும்போது மட்டும் முனகுகிறது. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. உன் பெரியம்மா பெரினாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து இப்போது முன்னைவிடத் தெளிவாகப் பார்க்கிறாள், எல்லோரையும் பார்க்கிறாள்.

இரண்டாவது. நம் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கும் நெவென்காவை உனக்கு நினைவிருக்கும், துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள், கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. போன குளிர்காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவளோடுதான். என்ன சாப்பிட்டீர்கள் அப்பா என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் மீனும் கீரையும் என்று உண்மையைத்தான் சொன்னேன், யார் சமைத்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் அவள் சொன்னாள், "காலம் பூரா மத்தவங்களைத் தீவுக்கு அனுப்பிவச்சுட்டு நான் ஜன்னலுக்குள்ளயே உக்காந்திருந்தேன், ஒரு தடவையாவது கப்பல் மேல்தளத்துல உக்காந்து காப்பி குடிக்கணும் வாத்தியாரே." உன் அம்மா இருந்தவரை அவளுக்குக் கப்பல் என்றாலே குமட்டும், அதனால் நானும் அந்தப் பக்கம் போனதே இல்லை. போகலாமே என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் பயந்தேன். தீவில் கோமிஷா என்ற ஊரில் தங்குவது, வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்பு, கடலில் இறங்க முடியாத குளிர் இருக்கும்போதே. ஊருக்குப் பின்னால் மலைச்சரிவில் காட்டு ஆஸ்பராகஸ் குருத்து பறித்து முட்டையோடு வதக்கிச் சாப்பிடுவது, நெத்திலி வைத்துச் சுட்ட ரொட்டி வாங்குவது, மதியம் தூங்குவது, அவ்வளவுதான். நான் வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து அட்டவணை போட்டேன். "ஓய்வெடுக்கக்கூட அட்டவணையா, மணி அடிச்சாத்தான் தூங்குவியா நீ," என்று சிரித்தாள். அங்கே அறை வாடகைக்கு விடும் அம்மாளிடம் போனில் இரண்டு அறை கேட்டேன், அந்த அம்மாள், "இப்ப ஒரு ரூம்லதான் அடுப்பு எரியுது சார், இன்னொண்ணுல விறைச்சுப் போறது யாருன்னு நீங்க ரெண்டு பேருமா பேசி முடிவு பண்ணிக்குங்க," என்றாள். குருத்தோலை ஞாயிறு வரை அறையை எங்களுக்காக வைத்திருப்பாளாம், அதற்கு மேல் முடியாதாம். அந்த ஞாயிறு இந்த வாரம்தான்.

மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது. பெரினா தினமும் கடற்கரை நடைபாதையில் கப்பல்துறையைப் பார்த்தபடி உட்கார்ந்து காப்பி குடிப்பாள் என்பது உனக்குத் தெரியும். அதனால் நெவென்கா காலைக் கப்பலில் போவது, நான் மாலைக் கப்பலில் போவது, திரும்பும்போதும் அப்படியே என்று சுத்தமாக எழுதி அவள் சமையலறை மேசையில் வைத்தேன், அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரே தீவுக்கு ரெண்டு கப்பல்ல போற ஜோடிங்களுக்கு எத்தனை டிக்கெட் கிழிச்சிருக்கேன் தெரியுமா? அவங்கெல்லாம் வீட்டுல புருஷனோ பொண்டாட்டியோ இருக்கிறவங்கய்யா. உனக்கும் எனக்கும் ஏமாத்த யாரு இருக்கா?" நானும் சிரித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். ஊருக்குப் பயப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. தின்காவுக்குத் தெரிந்துவிட்டது, தாங்கமுடியாமல், அம்மா இருந்த இடத்தில் இன்னொருத்தியா என்று போனிலேயே அழுதுவிட்டாள் என்று சொன்னேன். நீ அழவும் இல்லை, உனக்கு எதுவும் தெரியவும் தெரியாது. அவள் சிரிப்பு நின்றது. "சின்னதுல எக்கி எக்கி ஜன்னல்ல தலையை நீட்டி மிட்டாய் கேக்குமே, அந்தப் பொண்ணா அப்படிச் சொல்லிச்சு?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அதுதான் மகளே, இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவன், பொய்க்கு ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பெண் மனசு நோகும்படி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக் கதவு வரை வந்து வழியனுப்பினாள். அன்றிலிருந்து படிக்கட்டில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சார்," என்கிறாள். போன வாரம் வரை நீ, வா, போ என்று கூப்பிட்டவள். அந்த மரியாதையைத் தாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது முழங்கால் வலியைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நான்காவது. நீ அவளுக்கு ஒரு போன் செய்ய வேண்டும். அப்படி எதுவும் நீ சொல்லவில்லை என்றும், நாங்கள் போய்வருவதில் உனக்கு வருத்தமில்லை என்றும் சொல்ல வேண்டும், வருத்தமில்லை என்றால். அப்பா கொஞ்சம் குழம்பிவிட்டார் என்று நயமாகச் சொல்லிக்கொள், நீ சொன்னால் நம்புவாள். எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அங்கே இனி குளிர் தொடங்கும். தலை குளித்த ஈரத்தோடு காற்று வீசும் ஜன்னலருகே நிற்காதே. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறந்துவிடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
யெர்கோ

கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் அந்த அம்மாள் அறையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பாள். அது தெரிந்தேதான் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. நெவென்காவாக உன்னிடம் கேட்டால் மறைக்காதே, ஆனால் என் பொய்யை நயமாக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உன் வேலை இல்லை. ஒருமுறை உன் பின்னால் ஒளிந்தேன், அதைச் சரிசெய்யவும் உன் பின்னாலேயே ஒளியப் பார்த்தேன். பின்பக்கத்து எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். இப்போதே கீழே போகிறேன், பொய் சொன்னவன் நான்தான், பயந்தவனும் நான்தான் என்று அவளிடம் சொல்லப்போகிறேன். கதவைத் திறப்பாளா, வரச் சம்மதிப்பாளா, தெரியாது. சம்மதித்தால் நாளைக் காலை, பெரினா காப்பிக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஒரே கப்பலுக்கு இரண்டு டிக்கெட் நானே வரிசையில் நின்று வாங்குவேன். மறுத்தால் அது எனக்கு வேண்டியதுதான். நான்காவதாக எழுதியது தவறு மகளே.