கேட்டில் கட்டிய தூளி

அண்ணா,

நேற்று டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது அந்தத் தூளித்துணி அகப்பட்டது. பனியன் மெசினிலிருந்து குழாய்போல இறங்குமே, அந்தத் துணி. எத்தனை சோப்புப் போட்டும் மெசின் எண்ணெய் வாடை போகவில்லை. ஒரு நுனி சாய்வாக அறுந்திருக்கிறது. அறுத்தது நீங்கள். முகர்ந்து பார்த்தேன். உங்கள்மேல் கோபம் வந்தது. செத்தவரிடம் என்ன கோபம் என்று கேட்காதீர்கள், எனக்கு வருகிறது.

அறுபதுகளில் நம் கம்பெனி வேலைநிறுத்தம். நீங்கள் மெசின் பிட்டர், நான் நூல் சுற்றுகிறவள், மகளுக்கு மூன்று மாதம். கேட்டுக்கு முன்னால் பட்டினியாக உட்கார்ந்து நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு நாளும் பேசாத தென்னாப்பிரிக்க ஊரான டர்பனைப் பற்றி அன்று பேசினீர்கள். அங்கே பிறந்து, வாலிபத்தில் திமிங்கிலம் அறுக்கும் கரைப் பட்டறையில் கத்தி பிடித்தவர் நீங்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு இரை எல்லாம் தெற்கே பனிக்கடலில். கோடை முழுக்கத் தின்று கொழுத்துவிட்டு, குட்டி போட வெதுவெதுப்பான கடலுக்கு மாதக்கணக்கில் நீந்தி வரும். வழியில் தீனி கிடையாது. பட்டினியிலேயே ஈன்று, பட்டினியிலேயே பால் கொடுத்து, குட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்பும். குட்டியோடு வரும் தாயைச் சுடக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். அதனால் சில படகுக்காரர்கள் குட்டியை முதலில் சுடுவார்களாம். தாய் விட்டுப் போகாது, செத்த குட்டியையே சுற்றிச் சுற்றி வரும். பிறகு அது குட்டியில்லாத திமிங்கிலம்தானே.

நீங்கள் அறுத்த ஒரு தாயைப் பற்றிச் சொன்னீர்கள். இரைப்பையைக் கிழித்தால் ஒன்றுமே இல்லை. மடியில் கத்தி பட்டதும் பால் பீய்ச்சி, ரத்தத்தோடு கலந்து உங்கள் கணுக்கால்வரை நின்றது, சூடாக. அன்றே வேலையை விட்டுக் கப்பலேறினீர்கள்.

மறுநாள் சரக்கு லாரி வெளியே வரப்போகிறது என்று அன்று சாயங்காலம் தெரிந்தது. தூளியைக் கேட்டுக் கம்பியிலேயே கட்டிவிட்டால் ஒருத்தனும் கேட்டைத் தள்ளமாட்டான் என்றேன். அந்த யோசனை என்னுடையது. பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும்தான் தடுத்தீர்கள்.

"குட்டியக் கொண்டு போயி முன்னால வெக்காத கண்ணு."

"இவுங்க நம்மூரு ஆளுங்கண்ணா. பச்சப்புள்ளையப் பாத்தா நின்னுருவாங்க" என்றேன்.

நிற்கவில்லை. மறுநாள் நான் தூளி கட்டிய கேட்டுக்கு முன்னால், உச்சிவெயிலில் தடியோடு முதலாளியின் அடியாட்கள் பாய்ந்தார்கள். பக்கத்து மெசின் பாத்திமா அக்காவின் மண்டை பிளந்தது. என் முடியைப் பிடித்து ஒருவன் மண்ணில் இழுத்தான். உள்ளே லாரி உறுமி வந்து, பூட்டிய கேட்டை அப்படியே முட்டியது. தூளி ஊஞ்சலாகப் பறந்தது. நீங்கள் ஓடி வந்து, பெல்ட் வார் அறுக்கும் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துக் குழந்தையைப் பக்கத்தில் நின்றவள் கையில் எறிந்தீர்கள். திரும்புவதற்குள் கேட்டு உங்கள் மார்மேல் விழுந்தது. லாரி அதன்மேலேயே ஏறிப் போனது. அந்தச் சரக்கைப் போட்டுக்கொண்டவன் உடம்பு விளங்கியிருக்காது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தீர்கள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் என் கோபம். வாயில் ரத்தத்தோடு ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"புள்ள பால் குடிச்சுதா?"

"குடிச்சுதுங்கண்ணா" என்றேன்.

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. கேட்டு விழுந்த நேரமே எனக்குப் பால் நின்றுபோயிற்று, பிறகு சுரக்கவே இல்லை. நீங்கள் அறுத்த தாய்க்கு மடியாவது நிறைந்திருந்தது. தலையில் கட்டோடு பாத்திமா அக்காதான் தன் பிள்ளையை இறக்கிவிட்டு என் மகளை மாரில் போட்டுக்கொண்டாள்.

மகளுக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறான். தூளிக்குப் பழைய துணி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன், அண்ணா.