மூன்றாவது இறக்கை

டம்பார்ட்டன்,
1983 பிப்ரவரி 9

அன்புத் தம்பி முர்டோவுக்கு,

எழுத்து பக்கத்து வீட்டு எஃபியுடையது, சொல் என்னுடையது. மூட்டுவலியோடு கிடக்கிறேன், சாகவில்லை.

கனடாவிலிருந்து நீ போட்ட கடிதத்தை எஃபி படித்தாள். கப்பல் விசிறி எவ்வளவு தள்ளும் என்று கணக்காலேயே சொல்லும் உன் புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறதாம். சந்தோஷம். ஆனால், 'தண்ணீர்த் தொட்டிச் சோதனையில் தள்ளுவிசை கணக்கைவிட நூற்றுக்கு ஐந்து குறைந்தது, அன்றிலிருந்து எல்லாக் கணக்கிலும் ஐந்தைக் கழிக்கிறோம்' என்ற இடத்தில் அவளை நிறுத்தச் சொன்னேன்.

1951 நவம்பர், வியாழக்கிழமை. நம் கப்பல் பட்டறைக்குக் கணக்குப் போட வந்த பையன் நீ, சிவப்பு மப்ளர் போட்டிருந்தாய். சோதனைக்கான சின்ன விசிறியை வார்த்தவன் நான். நாலு இறக்கையும் அளந்து, அளவுச் சீட்டில் என் பெருக்கல் குறியும் போட்டாயிற்று. சீட்டில் குறி விழுந்தால் அப்புறம் யாரும் அளப்பதில்லை. தொட்டிக்குக் கொண்டுபோகும்போது கைதவறி விழுந்தது. மூன்றாவது இறக்கை வளைந்துவிட்டது. மரச்சுத்தியால் கண்ணளவில் தட்டி நிமிர்த்தினேன்.

"என்னடா சத்தம்?" என்றார் மேஸ்திரி.

"எலி."

"சுத்தி வச்சிருக்கிற எலியா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உன் கணக்கு சரி, தம்பி. என் இறக்கைதான் தப்பு. அந்த ஐந்து புத்தகத்தில் ஏறியது படிக்கத் தெரியாத எனக்குத் தெரியாது. திட்டு, ஆனால் எழுது.

அண்ணன் ஹெக்டர்


டம்பார்ட்டன்,
ஏப்ரல் 20

தம்பி முர்டோ,

இரண்டு மாதம் போய்விட்டது. "அவரு உன்னைத் தலைமுழுகிட்டாரு, கிழவா" என்கிறாள் எஃபி. புத்தகம் அச்சேறிவிட்டதா? அதையாவது சொல்.

ஹெக்டர்


செயின்ட் ஜான்ஸ், கனடா,
மே 6

திரு. ஹெக்டர் மக்காஸ்கில் அவர்களுக்கு,

அச்சை நிறுத்திவிட்டேன். முப்பத்தொரு வருடம் அந்த ஐந்துக்குக் காரணம் தேடினேன். தண்ணீரின் பிசுபிசுப்பு என்றேன், சுழல் என்றேன். அதை வைத்து என் மாணவர்கள் பட்டமே வாங்கினார்கள்.

ஐந்தை நீக்கப் பதிப்பாளர் சாட்சி கேட்கிறார். இணைத்துள்ள தாளில் ஒப்பமிட்டு அனுப்புங்கள்.

முர்டோ கில்கிறிஸ்ட்


டம்பார்ட்டன்,
மே 19

தம்பி,

"அவரு அண்ணன்னு போடலையே, நீ மட்டும் ஏன் தம்பின்னு போடுறே?" என்றாள் எஃபி. எழுது என்றேன்.

தாளில் 'கவனக்குறைவு' என்று இருந்தது. அதை அடிக்கச் சொல்லி, 'மறைத்தேன்' என்று போடவைத்தேன். கீழே என் குறி இருக்கிறது, சீட்டில் போட்ட அதே குறிதான்.

அன்றைக்கு அதைப் போட்டபோது மூன்றாவது இறக்கை நேராகத்தான் இருந்தது. அதை மட்டும் நம்பு.

அசதியாக இருக்கிறது. பதில் போட வேண்டியதில்லை.

×