பக்கத்து போரில் வந்த காற்று

அண்ணா,

இன்று காலை அலமாரியில் நீங்கள் கைப்பட எழுதிய துளை விவரத் தாளைத்தான் தேடினேன். அதற்கு முன்னால் கைக்குக் கிடைத்தது மாதிரிக்கு எடுத்த கல்தூள் பை. நூல் முடிச்சை அவிழ்த்ததும் துளை போடும் ரிக் ஓடும்போது எழும் அந்த நனைந்த கல் வாசனை வந்தது. பையின் மேல் 'ஒன்பதாவது ராடு' என்று எழுதியிருந்தீர்கள். திரும்ப அலமாரிக்குள்ளேயே தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

சந்தவாசல் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் கைவிட்ட கல்குவாரி. அதில் பக்கத்து நகரத்துக் குப்பையைக் கொட்டலாமா, கொட்டினால் அழுக்குத் தண்ணீர் கீழே உள்ள ஊரின் அடிபம்புக்குப் போய்ச் சேருமா என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி. போர் போடுவது, அதாவது ஆழ்துளை இறக்குவது, உங்கள் வேலை. நீங்கள் எடுத்துக் கொடுக்கும் மண்ணையும் கல்லையும் வைத்து, பூமிக்கு அடியில் இருப்பதைக் கணினியில் அடுக்கடுக்காக எழுப்புவது என் வேலை. அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, எந்தக் கட்டத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக நகரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருவேன். முதன்முதலில் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், பூமிய கேக்கு கணக்கா வெட்டி வெச்சிருக்கீங்க" என்று சிரித்தீர்கள். எனக்கும் பெருமைதான்.

அன்று குவாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி இறக்கும் துளைக் கம்பிகளில் ஒன்பதாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தது. துளைக்குள் காற்றை அடிக்கும் கம்ப்ரசர் சத்தத்தையும் மீறி ஒரு பெண் காலிக் குடத்தோடு ஓடி வந்தாள்.

"யோவ், இன்னாய்யா பண்றீங்க இங்க? எங்க பம்புல தண்ணி தும்முது, பொகை பொகையா அடிக்குது!"

நீங்கள் காற்றை நிறுத்தினீர்கள். பம்பும் அடங்கியது. திரும்பத் திறந்தீர்கள். அங்கே மறுபடி தும்மல். மூன்று முறை செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தீர்கள். "உள்ள ஒரே வெடிப்பு மேடம். நம்ம காத்து நேரா ஊரு பம்புக்குப் போவுது. காத்து போற வழியில தண்ணி போவாதா?"

துளை விவரத் தாளின் கடைசியில் இருந்த குறிப்புக் கட்டத்தில் நீங்களே எழுதினீர்கள்: 'பக்கத்து போரில் காற்று வந்தது.'

மறுநாள் நம் துளையில் மோட்டார் வைத்து இறைத்துச் சோதித்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஊர் பம்பில் நீர்மட்டம் இறங்கியதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறிக்கை கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. என் கணினியில் ஆழத்துக்கு இடம் உண்டு, பாறைக்கு இடம் உண்டு. குறிப்புக்கு இடம் இல்லை. அளந்து எடுத்த எண் இல்லாத வரியை நான் விட்டுவிட்டேன். வெடிப்பு இல்லாத மாடலில் அழுக்கு கிழக்கே ஓடைப் பக்கம் மெல்ல நகர்ந்து நின்றது. ஊருக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர் மேல் பழி போட இதில் எதுவும் இல்லை.

வெறும் சளி என்று நீங்கள் தள்ளிப்போட்ட இருமல் கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து படுக்க வைத்தது. எத்தனை வருடக் கல்தூள்! நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். மூச்சு வாங்க வாங்க நீங்கள் கேட்டது உங்கள் உடம்பைப் பற்றி இல்லை.

"அந்தக் காத்த சேத்தாச்சா மேடம்?"

"சேர்த்தாச்சு அண்ணா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். பத்தாம் நாள் நீங்கள் இல்லை. சாகக் கிடந்த மனிதரிடம் பொய் சொன்னவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள வேறு அழகான வார்த்தை கிடைக்கவில்லை.

குப்பை கொட்ட ஆரம்பித்து இரண்டு மழைக்காலம் போனது. போன வாரம் ஊர் பம்புத் தண்ணீரின் சோதனை முடிவு வந்தது. குடிக்கக் கூடாது. அன்றே மாடலைத் திறந்து, ஒன்பதாவது ராடு ஆழத்தில் குவாரியிலிருந்து பம்பு வரை ஒரு வெடிப்பை வைத்தேன். எண்ணை ஊகித்துத்தான் போட்டேன். குறைத்தும் கூட்டியும் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் திரையில் அழுக்கைக் காட்டும் சிவப்பு மேற்கே திரும்பி, நேரே பம்பில் போய் நின்றது. இதைச் செய்ய எனக்கு அரை நாள்தான் ஆனது அண்ணா.

இன்று மதியம் ஊருக்குப் போனேன். எதிரே குப்பை லாரி ஒன்று வந்தது. நிறுத்தும் உத்தரவு இன்னும் வரவில்லை. பம்பின் கைப்பிடியைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். கூடியிருந்தவர்களிடம் என் அறிக்கை தப்பு என்று சொன்னேன். அன்று குடத்தோடு ஓடி வந்த பெண் முன்னால் வந்தாள்.

"அன்னிக்கே ஓடியாந்து சொன்னனே மேடம். எம் பேத்தி ரெண்டு வருசமா இதத்தான குடிச்சா. ஒருத்தரும் எழுதி வெக்கலயா?"

"எழுதி வெச்சாரும்மா. நான்தான் அறிக்கையில சேர்க்காம விட்டுட்டேன்."

தாளை நீட்டினேன். உங்கள் வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஜீப்பை எட்டிப் பார்த்தாள்.

"அந்த ரிக்காரரு எங்க? அவரு வர்லயா?"

 கையோடு கொண்டுபோயிருந்த கல்தூள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது இப்போது கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முடிச்சை நான் திரும்பப் போடவில்லை. காற்றைச் சேர்த்தாச்சு அண்ணா. இந்த முறை பொய் இல்லை.