சூடான நாற்காலிக்கு ஒரு வாக்கு

ஜனவரி 14, செவ்வாய்

‘கல்மகுடம்’ கணினி ஆட்டத்தின் ஏழாம் பாகம் வருகிறதாம். டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து கணினியைத் திறந்தால், எங்கள் ரசிகர் தளம் பற்றி எரிகிறது. போலந்தில் உள்ள அத்தனை பேரும் வேலையையும் குடும்பத்தையும் அடுப்பில் கொதிக்கும் சூப்பையும் விட்டுவிட்டு இங்கே வந்து கத்துகிறார்கள். எல்லாம் அறிவிப்பில் இருந்த இரண்டு சொற்களால்: ‘புதிய திசை’.

ஒருவனுக்குக் கடற்படை வேண்டும். ஒருத்திக்கு டிராகன்கள் பேச வேண்டும். கிராக்கோவ்காரர் ஒருவருக்குக் குதிரைகள் சாணி போட வேண்டும்; அப்போதுதான் போர் உண்மையாக இருக்குமாம். இவர்கள் அனைவரையும் கட்டி மேய்க்கும் தளக் காவலன் நான்: தேவதைப் படைகளின் நிரந்தரத் தளபதி, எலும்புக்கூட்டு ராஜ்யங்களின் சிம்மசொப்பனம், வூச் நகர டிராம் ஓட்டுநர் சிப்ரியான். சண்டை விலக்கியே என் விரல்கள் அரை அங்குலம் தேய்ந்துவிட்டன.

நாலாம் பாகத்துக்கு முன்னாலும் இதே ஆசைதான். ஐந்துக்கும். ஆறில், ஒரே கணினியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடும் ‘சூடான நாற்காலி’ முறையையே பிடுங்கிவிட்டார்கள். இனி ஆசைப்பட எனக்குத் தெம்பில்லை.

அறிவிப்பை மறுபடி படித்தேன். அப்புறம் இன்னொரு முறை.

ஜனவரி 18, சனி

நண்பன் விட்டெக் ஹெர்ரிங் மீன் ஜாடியோடு வந்தான். அக்கா மகள் யகோடா பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து பசியோடு வந்தாள். வழக்கம்போல மூன்றாம் பாகம். என் கிழட்டுக் கணினி முனகுகிற முனகலில் எதிர்வீட்டு நாய் பிரார்த்தனையே ஆரம்பித்துவிடும்.

சூடான நாற்காலியின் சட்டம் அரசியல் சாசனத்தைவிடப் பழையது. ஒரு கணினி, ஒரு நாற்காலி. ஒருவர் தன் முறையை ஆடும்போது மற்றவர்கள் சமையலறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். முடித்தவர் “எந்திரிச்சாச்சு!” என்று கத்துவார். அடுத்தவர் நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் போய் உட்கார வேண்டும். மாதா கோயில் பீடத்தின் முன்னே பொய் சொன்னவர்களை எனக்குத் தெரியும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஆளை இந்த நாட்டில் நான் கண்டதில்லை.

விட்டெக்கின் விவாகரத்தை அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். அவன் முடிப்பதற்குள் யகோடா என் தங்கச் சுரங்கத்தைப் பிடித்துவிட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆட்டத்தைச் செய்கிறவர்கள் ரசிகர்களிடமே கேட்டுவிட்டார்கள். ஒரே கணினியில் நாற்காலி ஆட்டமா, அவரவர் வீட்டிலிருந்து இணையத்திலா? இரண்டையும் செய்ய ஆளில்லையாம். வாக்கெடுப்பு மார்ச் கடைசி வரை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதிவிட்டேன். நாற்காலிக்காக ஓர் அறிக்கை. அதைப் படித்தால் விஸ்துலா நதி நின்று மூக்கைச் சிந்திவிட்டுப் போகும். “இணையத்தில் ஆடுவது கண்ணாடிக்கு முத்தம் கொடுப்பது” என்று ஒரு வரி. நானே எழுதி நானே எழுந்து நின்று கைதட்டினேன்.

முதல் கையெழுத்து விட்டெக்குடையது.

பிப்ரவரி 27, கொழுத்த வியாழன்

தவக்காலத்துக்கு முன் வயிறு முட்டத் தின்னும் நாள்: ரோஜா ஜாம் வைத்த டோனட்டுகள். எத்தனை என்று பாவமன்னிப்பில்கூடச் சொல்ல மாட்டேன். அறிக்கையைச் செக் மொழிக்கும் ஹங்கேரி மொழிக்கும் மாற்றிவிட்டார்களாம். நான் ஐரோப்பாவை ஆள்கிறேன்.

விட்டெக் ஒரு டோனட்டைப் பாதி தின்று வைத்துவிட்டான். கேட்டால் வயிறு சரியில்லை என்றான். இரும்பைத் தின்று செரிக்கிற வயிறு அது.

மார்ச் 15, சனி

யகோடா உள்ளே ஆடிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஜன்னலில்.

“மே மாசம் நார்வே போறேன்டா.”

“மீன் வாங்கவா? இங்கயே கெடைக்குதே.”

“கப்பல் கட்டுற எடத்துல வெல்டிங் வேலை. மகளும் அங்கதானே இருக்கா.”

“எப்ப வருவ?”

அவன் எதிர்மாடிக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். உள்ளேயிருந்து “எந்திரிச்சாச்சு!” என்று சத்தம் வந்தது. அவன் முறைதான். போகவில்லை. யகோடா வந்து வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்தாள். “என்ன, யாராவது செத்துட்டாங்களா?” என்றாள்.

நாற்காலி ஆறிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

ஜனவரியிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் அறிக்கையில் கையெழுத்து — ஏன்? இணையம் வந்தால் நார்வேயிலிருந்து ஆடலாம் என்று இவனுக்குத் தெரியாதா? கூப்பிட்டுக் கத்தினேன்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எதுக்குடா போட்ட?”

“நல்லா எழுதியிருந்தடா. நீ சொன்னதும் நெசந்தானே?”

நெசமாம். வெங்காயம்! நெசத்தை வைச்சு நான் என்ன பண்றது, ஊறுகாயா போடறது?

மார்ச் 20, வியாழன்

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். பிறகு அதைத் தட்டிவிடப் பார்த்தால் உலகமே சிரிக்கும். இன்று தளத்தில் எழுதினேன்: “யோசித்துப் பார்த்தேன். இணையத்துக்கு வாக்களியுங்கள்.” காரணமும் எழுதினேன், உள்ளது உள்ளபடி. என் நண்பன் தூரமாகப் போகிறான் என்று.

துரோகி என்றார்கள். கைக்கூலி என்றார்கள். ஒருவன் என் வரியையே எனக்குத் திருப்பி அனுப்பினான்: “கண்ணாடிக்கு முத்தம் கொடுங்கள், தளபதி.” குதிரைச்சாணிக்காரர் மட்டும் “எல்லோருக்கும் ஒரு நண்பன் போகத்தான் செய்கிறான்” என்று எழுதிவிட்டு, நாற்காலிக்கே வாக்களித்தார்.

யகோடா சொன்னாள்: “மாமா, முதல்ல எழுதுனத உங்களாலயே தோக்கடிக்க முடியாது. அதுல நீங்க நடிச்சு, அழுது, கத்திச் சண்டையெல்லாம் போட்டிருந்தீங்க. இதுல சும்மா உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க.”

காவலன் பதவியை விட்டுவிட்டேன். பிடுங்குவதற்கு முன்னால்.

ஏப்ரல் 5, சனி

நாற்காலி ஜெயித்தது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. தூங்கப் போகிறேன்.

மே 3, சனி

தேசிய நாள். ஊரெல்லாம் கொடி. விட்டெக்கை வழியனுப்பத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று பேருந்து நிலையத்தில் அவனிடம் சொன்னேன். சிரித்தான். வாராவாரம் மீன் கொண்டுவரும் ஜாடியைக் கழுவிக் காலியாகக் கையில் கொடுத்தான். “நாற்காலியத் தூக்கிப் போட்றாத” என்றான். அதன் ஒரு கால் ஆடுகிறது, அதைச் சரிசெய்கிறேன் என்று பல வருடமாகச் சொல்லி ஏமாற்றியவன் அவன்.

மே 17, சனி

நானும் யகோடாவும் ஆடினோம். சமையலறையில் தனியாக நிற்பது அலுப்பான வேலை. ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் அதில் என்னத்தைப் பார்த்தோம்?

மே 24, சனி

ஆடவில்லை.

ஜூன் 7, சனி

யகோடா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: “பழைய ஆட்டத்தையே சேமிச்சு அந்தக் கோப்ப அவருக்கு மெயில்ல அனுப்பலாமே மாமா? அவர் முறைய ஆடிட்டு நமக்குத் திருப்பி அனுப்பட்டும்.”

“இது ஏண்டி முன்னாடியே தோணல?”

“நீங்கதான் ஐரோப்பாவ ஆண்டுட்டு இருந்தீங்களே.”

நவம்பர் 29, சனி

ஏழாம் பாகத்தின் முதல் காட்சிகள் இன்று வந்தன. நாற்காலி இருக்கிறது. குதிரைகள் சாணிகூடப் போடுகின்றன. தளத்தில் என் பழைய அறிக்கையைத் தூசி தட்டி உச்சியில் ஒட்டி, ‘தளபதி வாழ்க’ என்று எழுதியிருக்கிறார்கள். பாதிதான் படித்தேன். எங்கள் பழைய ஆட்டத்தின் கோப்பை விட்டெக்குக்கு அனுப்பியாகிவிட்டது. நானும் யகோடாவும் எழுந்து போனோம்.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

“டேய், ஏதோ தண்ணி கொதிக்குது. எங்க இருக்க?”

“சமையலறையில.”

“அங்க என்ன பண்ற?”

“உன் முறைடா.”

“நான் நார்வேல இருக்கேன்டா மடையா. ஆட்டமும் இங்க இருக்கு. அங்கருந்து என்னத்த எட்டிப் பாப்ப?”

யகோடா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சரி, என் முறை வந்தா நீ எங்க இருப்ப?” என்றேன்.

“மாடிப்படியில” என்றான். “இங்க சமையலறைன்னு தனியா ஒண்ணு கெடையாது.”

நாளை நான் ஆட வேண்டும். சீக்கிரம் ஆடி அனுப்பிவிட வேண்டும். நார்வே மாடிப்படி குளிரும்.