பெற்றுக்கொண்டேன், பதினொன்று நாற்பது

அன்புள்ள கவிதாவுக்கு,

டில்லி லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை, குளியலறை கீசர் அதைவிட மோசம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் டூட்டி என்று வைத்துவிடுவாய். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் தமிழ் படித்தவள்தானே, எழுத்துக்கூட்டிப் படி. ஆறு மாதம் நான் இங்கிலீஷில் பட்ட பாட்டை ஒரு மணி நேரம் நீ தமிழில் படு.

கிளார்க் பரீட்சைக்கு உட்காரப் போகிறேன் என்றபோது, இந்த வயதில் எதற்கம்மா, விட்டுத்தள்ளு என்றாய். உன் அப்பா போனபிறகு கருணை அடிப்படையில் கிடைத்த பியூன் வேலையில் பன்னிரண்டு வருஷம் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டேன். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் ரிட்டையர் ஆகும்வரை டீ டிரேதான். அதனால் உன் பேச்சைக் கேட்கவில்லை. நீ மட்டும் என் பேச்சைக் கேட்டா கனடா போனாய்? மற்றத் தாள்களைச் சமாளித்துவிடலாம், இங்கிலீஷ்தான் கழுத்தை அறுத்தது. அடிக்கோடிட்ட சொல் பெயரா, வினையா, பெயரடையா, வினையடையா என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். எதிர் பிளாக்கில் மகன் குவார்ட்டர்ஸில் இருக்கிற மகாதேவன் சாரிடம் பாடத்துக்குப் போனேன். ரிட்டையர் ஆகிப் பத்து வருஷமாகியும் மனிதர் இன்னும் அண்டர் செக்ரெட்டரிதான், விசாலாக்ஷி மாமி காபி கொண்டுவந்தால்கூட மேஜையில் இடப்பக்கம் வைக்கச் சொல்கிறார். அவர் விளக்க விளக்க எனக்குத் தூக்கம்தான் வந்தது. கடைசியில் எங்கள் செக்‌ஷனை வைத்து நானே படித்துக்கொண்டேன். இடத்தைவிட்டு நகராத அதிகாரி பெயர்ச்சொல். அவர் பெல் அடித்தால் ஓடுகிற நான் வினைச்சொல். அவர் முன்னால் நின்று ஆஹா ஓஹோ என்கிறவர்கள் பெயரடை. ஒரு வேலையும் செய்யாமல் ஹிந்தியில் அரே யார் என்று பெருமூச்சு விடுகிற டிரைவர் வியப்புச்சொல். இதைச் சொன்னதும் சார் முகத்தைச் சுளித்தார், மாமி உள்ளே போய்ச் சிரித்தார். ஆனால் அவரும் ஒன்று உருப்படியாகச் சொன்னார். சொல்லின் மூஞ்சியைப் பார்க்காதே, இந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார், இங்கே ஓடுகிற சொல் அடுத்த வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

என் பழக்கம் உனக்குத் தெரியும். பியூன் புக்கில் கையெழுத்து வாங்காமல் ஒரு காகிதத்தையும் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. உன்னைக் கட்டிக்கொடுத்தபோதே மாப்பிள்ளையிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். பரீட்சை ஹாலில் உன் வயசுப் பெண் ஒருத்தி விடைத்தாளை வாங்க வந்தாள். நான் விடவில்லை. கேள்வித்தாளின் பின்னால் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, மணி போட்டு, கையெழுத்தும் போடு என்றேன். ஹாலே சிரித்தது. இந்த ஆன்ட்டிக்குப் பைத்தியமா என்று ஹிந்தியில் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டுக்கொண்டே போட்டுக்கொடுத்தாள். பதினொன்று நாற்பது.

ரிசல்ட் வந்தது. என் பெயருக்கு நேரே இங்கிலீஷ் தாளுக்கு ஆப்சென்ட். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன், அன்றைக்கு உன்னிடம் சளி என்று சொன்னது பொய். மறுநாள் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு பரீட்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த சந்திரசேகர் என்கிற அதிகாரி நான் வரவேயில்லை என்று சாதித்தார். கையெழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மூன்றாம் நாள் என் தாள் ஹிந்திக் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஐம்பதுக்கு முப்பத்தொன்று, பாஸ். சொல் வகை எழுதுகிற கேள்வியில் பத்துக்கு ஒன்பது.

போன திங்கட்கிழமை கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் அப்பா உட்கார்ந்த அதே வரிசை, ஜன்னலிலிருந்து மூன்றாவது. பன்னிரண்டு வருஷம் என்னோடு படியேறிய வேணு அண்ணன் முதல் தபாலோடு வந்து பியூன் புக்கை நீட்டி, “மேடம், சைன்” என்றார். வழக்கம்போல ஏ செல்வி என்று கூப்பிடுங்கள் என்று திட்டினேன். அவர் அசையாமல் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையெழுத்துக் கட்டத்துக்குள் இத்தனை வருஷம் ஊரிலிருக்கிறவர்கள் கையெழுத்தையெல்லாம் வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் நான் போட்டதில்லை கவிதா. கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. என் பெயர் கோணலாக விழுந்தது, அண்ணன் அதை ஊதிக் காயவைத்து எடுத்துப்போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் உறையின் பின்னால் பெற்றுக்கொண்டேன் என்று தமிழில் எழுதி, தேதி, மணி, கையெழுத்தோடு போட்டோ எடுத்து அனுப்பு. வராவிட்டால் உன்னை ஆப்சென்ட் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜோ. செல்வி, கிளார்க்